ரிம்மா, டயரா, கார்பன் பானெட்டா? தினமும் ஓட்டும் காரில் எதை முதலில் மாற்றுவது

"அண்ணே, கையில பத்தாயிரம் வெள்ளி இருக்கு. ரிம் மாத்தவா, கோயில்ஓவர் போடவா, இல்ல பானெட், சீட்டு எல்லாம் மாத்தி எடையைக் குறைக்கவா?" இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. (கோயில்ஓவர் என்பது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-அப்சோர்பர் தொகுப்பு.) கேட்பவரின் கார் பெரும்பாலும் புரோட்டோன் சத்ரியா நியோ, இரண்டாம் தலைமுறை பெரோடுவா மைவி 1.5 மேனுவல், இல்லையென்றால் ஹோண்டா சிவிக் எஃப்டி. திங்கள் முதல் வெள்ளி வரை அதே கார்தான் கூட்டரசு நெடுஞ்சாலை ஜேமில் நிற்கிறது, சனிக்கிழமை அம்மாவைப் பத்துமலைக்கு ஏற்றிப் போகிறது, ஞாயிறு விடியற்காலையில் உலு யாம் பக்கமோ கெந்திங் பக்கமோ மலை ரோட்டில் ஏறுகிறது, எப்போதாவது செப்பாங் பந்தயத் தளத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் டிராக் டேவுக்கும் போகிறது. இத்தனை வேலையையும் ஒரே கார் செய்ய வேண்டும் என்றால் எந்தப் பாகம் போட்ட பணத்துக்குப் பலன் தரும் என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரோட்டைத் தொடுவதும் காரை நிறுத்துவதும் முதலில், கார்பன் கடைசியில்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் கார் எங்கே அதிக நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். பந்தயப் பாகங்கள் சூடேறிய பிறகு, சமமான தார்ப் பாதையில், ஹெல்மெட் போட்ட ஒருவர் ஓட்டும்போது நன்றாக வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டவை. கோலாலம்பூரில் மாலை நான்கு மணிக்குக் கொட்டும் மழையில், இருபது கிலோமீட்டர் வேகத்தில், தோண்டி மூடிய ரோட்டில் ஓடும்போது அதே பாகம் சில நேரம் பழைய பாகத்தைவிட மோசமாக நடந்துகொள்ளும்.

இரண்டாவது, எத்தனை கிலோ குறைகிறது என்பதோடு எந்த இடத்தில் குறைகிறது என்பதும் முக்கியம். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை, அதாவது ரிம், டயர், பிரேக், சக்கரம் மாட்டும் ஹப் ஆகியவற்றின் எடை குறைந்தால் சக்கரம் ரோட்டின் மேடுபள்ளத்தை விட்டு விலகாமல் ஒட்டி ஓடும். பூட்டில் குறையும் கிலோவுக்கு அந்தப் பலன் இல்லை.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். 1,150 கிலோ எடை, 110 குதிரைத்திறன் உள்ள காரில் 50 கிலோவைக் குறைத்தால் எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதப்படி ஏறக்குறைய 115 குதிரைத்திறன் இருப்பது போல ஆகும். நல்லதுதான், ஆனால் அந்த 50 கிலோவுக்கு நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதைப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். பின் சீட்டில் ஒரு நண்பர் ஏறி உட்கார்ந்தால் அது முழுக்கப் போய்விடும்.

மற்றவை சுருக்கமாக: மழையில் எப்படி, பாகத்தை வாங்கிய பிறகும் தொடர்ந்து எவ்வளவு செலவு வைக்கும், சாலைப் போக்குவரத்துத் துறையும் காப்புறுதி நிறுவனமும் என்ன சொல்லும், விபத்து நடந்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும், திரும்பப் பழையபடி மாற்ற முடியுமா.

காசில்லாமல் குறையும் எடை

எதையும் வாங்கும் முன் பூட்டைத் திறந்து பாருங்கள். கருவிப் பெட்டி, பழைய எண்ணெய் டப்பா, கார் கழுவும் சாமான், யாரோ வைத்துவிட்டுப் போன பை என்று ஒரு சின்னக் கடையே அதற்குள் இருக்கும். பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ வரும், 50 லிட்டர் நிறைந்த டேங்க் கிட்டத்தட்ட 37 கிலோ. செப்பாங்கில் ஓட்டும் நாளில் ஸ்பேர் டயர், ஜாக், பூட் சாமான் எல்லாவற்றையும் பிட்டில், அதாவது தளத்தின் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடத்தில், இறக்கி வைத்து, தேவையான அளவு மட்டும் பெட்ரோல் ஊற்றினால், விலை உயர்ந்த ஒரு கார்பன் பானெட் குறைப்பதைவிட அதிகக் கிலோ குறைந்துவிடும். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

லைட் ரிம்

நம் ஊரில் எல்லோரும் முதலில் தொடுவது ஸ்போர்ட் ரிம். அழகு ஒரு காரணம், அதில் தப்பில்லை. எடைக்காகத்தான் மாற்றுகிறேன் என்றால் மட்டும் தராசை எடுக்க வேண்டும். விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுப்பார்களே, அந்தக் கைத்தராசு போதும். கடைக்குக் கொண்டுபோய் ரிம்மைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நல்ல கடைக்காரர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரிம்மில் மூன்று வகை. அச்சில் உருக்கி ஊற்றியது மலிவு, கனம். ஊற்றிய பிறகு வெளிவட்டத்தைச் சுழற்றி அழுத்தி மெலிதாக்கியது நடுத்தரம். அலுமினியத்தை ஒரே கட்டியாக அழுத்தி அடித்துச் செய்த ஃபோர்ஜ் ரிம் லேசு, பலம், விலையும் அதிகம். ஜப்பானின் ரேஸ் (Rays) நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த டிஇ37 ரிம்மின் பெயரிலேயே எடை இருக்கிறது: 15 அங்குல அளவில் 3.7 கிலோ. அதே ஆறு கம்பி வடிவத்தில் நகல் ரிம்கள் ஊரெங்கும் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் ஊற்றிச் செய்தவை, அந்த எடையின் பக்கத்தில்கூட வராது. உள்பக்கத்தில் ஜப்பானின் ரிம் தர முத்திரையான ஜேடபிள்யூஎல் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் முத்திரையையும் நகலடிப்பார்கள் என்பதால் தராசுதான் கடைசித் தீர்ப்பு.

பலன் எவ்வளவு? ஒரு ரிம்முக்கு இரண்டரை கிலோ குறைந்தால் நான்குக்கும் பத்துக் கிலோ. சுழலும் எடை என்பதால் வேகமெடுக்கும்போது அது பதினைந்து கிலோ குறைந்தது போல வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளலாம். 1,150 கிலோ காரில் அது ஒன்றே கால் விழுக்காடு. ஸ்டாப்வாட்ச்சில் பெரிதாகத் தெரியாது. ஸ்டியரிங்கில் தெரியும், கரடுமுரடான வளைவில் சக்கரம் துள்ளாமல் ஒட்டிக்கொண்டு போவதில் நன்றாகவே தெரியும். உலு யாம் ரோட்டில் ஓட்டுபவருக்கு இது உண்மையான பலன்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, 15-லிருந்து 17 அங்குலத்துக்கு ஏறுவது. ரிம் லேசாக இருந்தாலும் பெரிய டயரின் எடை கூடுகிறது, அதுவும் மையத்திலிருந்து தள்ளிப்போய் வெளிவட்டத்தில் கூடுகிறது, ஆகவே லைட் ரிம்முக்குக் கொடுத்த பணம் அங்கேயே கரைந்துவிடும். சிறிய கார்களுக்கு லேசான 15 அங்குல ரிம்தான் கெட்டிக்காரத்தனம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு, குழி. மெல்லிய டயரோடு மழைநீர் மூடிய குழியில் இறங்கினால் ரிம்மின் உள்விளிம்பு வளையும், மலிவான ரிம்மில் மயிரிழை போல விரிசல் விடும். காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் டயரைக் குறை சொல்லும் முன் ரிம்மைக் கழற்றி, உள்பக்கம் அழுக்கைத் துடைத்து, விளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

போல்ட் இடைவெளியும் சென்டர் போரும் பொருந்த வேண்டும். சென்டர் போர் என்ற அந்த நடுத் துளை பெரிதாக இருந்தால், இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாமல் விடாதீர்கள், நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கும். ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரிம் போலீஸ் கண்ணில் முதலில் படும்.

டயர்

பத்தாயிரத்தில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் டயரைத்தான் சொல்வேன். வேகமெடுப்பது, திரும்புவது, நிற்பது எல்லாமே நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் வழியாகத்தான் நடக்கிறது.

இதிலும் இரண்டு பாதை. ஒன்று, நல்ல சாலை டயர்: மிஷெலின் பைலட் ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 போன்றவை. மற்றது பந்தய டயருக்கு நெருக்கமான செமி ஸ்லிக்: யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், டோயோ ஆர்888ஆர் வகை. டயரின் பக்கச் சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். சாதாரண சாலை டயரில் 300, 400 என்று இருக்கும், ஏ052-இல் 200, ஆர்888ஆரில் 100. எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், தேய்மானமும் வேகம்.

செப்பாங்கின் 5.543 கிலோமீட்டர் பாதையில் ஒரு சுற்றின் நேரத்தைக் குறைப்பதில் செமி ஸ்லிக்குக்கு நிகரான ஒற்றைப் பாகம் கிடையாது. ஆனால் அதற்குச் சூடு வேண்டும். தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்களும் அதில் குறைவு. மழையில் நெடுஞ்சாலையில் தேங்கிய நீரின் மேல் ஏறினால் கார் மிதக்கத் தொடங்கிவிடும். பாதி தேய்ந்த செமி ஸ்லிக்கோடு காராக் நெடுஞ்சாலை இறக்கத்தில் மழையில் மாட்டிக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும், மழைக்கு அது போதாது.

ஆகவே டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் தனியாக இன்னொரு செட் ரிம்மும் செமி ஸ்லிக்கும் வைத்துக்கொள்வதுதான் சரி. அப்போது இன்னொரு செலவு முளைக்கும்: நான்கு சக்கரத்தை எங்கே வைப்பது? அடுக்குமாடி வீட்டில் பால்கனியில் அடுக்கினால் வீட்டில் சண்டை வரும், வெயிலில் ரப்பரும் கெடும். பினாங்கிலிருந்து வருபவருக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர், அதைச் செமி ஸ்லிக்கில் ஓட்டி வந்தால் டிராக்குக்கு வைத்திருந்த ரப்பரைப் பிளஸ் நெடுஞ்சாலை தின்றுவிடும்.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மலிவு விலையில் கிடைக்கும் செமி ஸ்லிக்கில் பாதி, பல ஆண்டு கிடங்கில் கிடந்து இறுகிப்போனது.

பிரேக்

எடை ஐந்து விழுக்காடு குறைந்தால் பிரேக் தாங்க வேண்டிய சூடும் ஐந்து விழுக்காடு குறையும். வேகம் பத்து விழுக்காடு கூடினால் அந்தச் சூடு 21 விழுக்காடு கூடும், ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. காரை லேசாக்கி, டயரை நல்லதாக்கி, பிரேக்கைத் தொடாமல் விடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். செப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்ப்பாதை, இரண்டின் முடிவிலும் வேகத்தை வெகுவாகக் குறைத்தாக வேண்டும். 1,200 கிலோ கார் 180-லிருந்து 80-க்கு இறங்கும்போது சில விநாடிகளில் ஏறக்குறைய 1.2 மெகாஜூல் சூடு டிஸ்க்கில் இறங்குகிறது. அது ஆறும் முன்பே அடுத்த நேர்ப்பாதை வந்துவிடும்.

கெந்திங்கிலிருந்து இறங்கும்போது நடப்பது வேறு மாதிரி. அங்கே வேகம் அதிகமில்லை, ஆனால் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குகிறவரின் டிஸ்க் ஆறவே ஆறாது.

இந்தச் சூட்டில் முதலில் தோற்பது பிரேக் எண்ணெய். அதன் தரத்தை டாட் எண்ணால் குறிப்பார்கள். டாட் 3 புதிதாக 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு டாட் 3-இன் வரம்பு 140, டாட் 4-இன் வரம்பு 155. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. டப்பா மூடியைத் திறந்து பாருங்கள்: தெளிவான மஞ்சளாக இருக்க வேண்டிய எண்ணெய் கோப்பி-ஓ நிறத்தில் இருந்தால் அது என்றோ மாற்றியிருக்க வேண்டியது.

நல்ல எண்ணெய், நல்ல பேட், எஃகு வலை போர்த்திய ஹோஸ். இந்த மூன்றும் சேர்ந்தால்கூட, உடலை அணைத்துப் பிடிக்கும் பந்தய சீட்டான பக்கெட் சீட் ஒரு ஜோடியின் விலை வராது. பேட் தேர்வில் கவனம் தேவை. முழு ரேஸ் பேட் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, காலையில் வீட்டை விட்டு வெளியேறும் முதல் சிக்னலிலேயே அது தெரியும். கீச்சிடும், டிஸ்க்கைத் தேய்க்கும், ரிம் முழுக்கத் தூசி. தினமும் ஓட்டும் காருக்குச் சாலைக்கும் மலைக்கும் ஆன நடுத்தரப் பேட் போதும். டிராக் நாளுக்குத் தனிப் பேட் மாற்றிக்கொள்ளலாம், கை பழகிய பட்டறை போர்மேனுக்கு அது சின்ன வேலை.

பெரிய காலிபர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), பெரிய டிஸ்க் செட்டைப் பற்றியும் கேட்பார்கள். பெரும்பாலும் அது ஸ்பிரிங்குக்குக் கீழே எடையைக் கூட்டும், பெரிய ரிம்மைக் கட்டாயமாக்கும், முன் பின் பிரேக் சமநிலையையும் மாற்றும். மேலே சொன்ன மூன்றையும் செய்த பிறகும் டிராக்கில் பிரேக் மங்குகிறது என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

கோயில்ஓவர்

நியோ 2006-இல் வந்த கார், இரண்டாம் தலைமுறை மைவி 2011-இல். இந்த வயதுக் கார்களில் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்ஷும் மவுண்ட்டும் அப்சோர்பரும் தேய்ந்து போயிருக்கும். அவற்றை மாற்றாமல் அதன் மேல் புதுக் கோயில்ஓவர் போட்டால் சத்தம்தான் புதிதாக வரும். லோயர் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுண்ட், நல்ல அப்சோர்பர், ஒழுங்கான அலைன்மெண்ட் ஆகியவற்றை முதலில் செய்து பாருங்கள். கார் இப்படியெல்லாம் ஓடுமா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், பலருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும்.

அதற்கு மேலும் வேண்டும் என்றால், உயரத்தைக் குறைப்பதற்காக மட்டும் கோயில்ஓவர் வாங்காதீர்கள். ஸ்பிரிங் அசைய இடமில்லாமல் போனால் குழியில் நேராகக் கடைசித் தடுப்பு ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும், அந்த நொடியில் டயருக்குப் பிடிப்பு இருக்காது. தாமான் ரோடுகளில் உள்ள வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசும். மலிவான செட்டில் ஓரிரு ஆண்டில் எண்ணெய் கசியும், அதைத் திறந்து பழுது பார்க்க உள்ளூரில் உதிரி கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள். டிராக்குக்குத் தொடர்ந்து போகிறவருக்கு இது நல்ல முதலீடு. ஜேமிலும் மலையிலும் மட்டும் ஓட்டுபவருக்கு முதுகு வலி.

கார்பன், பக்கெட் சீட், கேஜ்

லேசான காரின் மேல் உள்ள ஆசை எனக்குப் புரிகிறது. புரோட்டோன் 1996-இல் லோட்டஸை வாங்கியது, அதே ஆண்டு விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிஸின் எடை 750 கிலோவுக்குள். ஆனால் அந்தக் கார் முதல் கோட்டிலிருந்தே லேசாக இருப்பதற்காக வரையப்பட்டது. ஐந்து பேர் உட்காரும் எஃகுக் காரில் ஒவ்வொன்றாகக் கழற்றி அந்த இடத்துக்குப் போவது வேறு விஷயம், கிலோவுக்குக் கிலோ விலை ஏறிக்கொண்டே போகும்.

கார்பன் பானெட் என்று விற்பதில் பல, கண்ணாடி நாரின் மேல் ஒரே ஓர் அடுக்கு கார்பன் ஒட்டியவை. அவற்றில் எடை பெரிதாகக் குறையாது, வெயிலில் மேல்பூச்சு மஞ்சளடித்து உரியும். உண்மையான உலர் கார்பன் லேசு, முன்பக்கம் கனமான நம் கார்களில் மூக்கிலிருந்து எடை குறைவது நல்லதுதான். அதோடு பானெட்டைப் பூட்டிப் பிடிக்கும் தனி ஊசி (பானெட் பின்) போட்டுத்தான் ஆக வேண்டும், பழைய கொக்கியை மட்டும் நம்பக் கூடாது. லித்தியம் பேட்டரியும் கிட்டத்தட்ட பத்துக் கிலோ குறைக்கும், ஆனால் எஞ்சின் பக்கத்துச் சூடு அதற்கு ஆகாது.

உள்ளே எல்லாவற்றையும் பிடுங்குவது பற்றி: ஒலித் தடுப்பை எடுத்தால் சத்தத்தோடு தரை வழியாகச் சூடும் ஏறும், ஏர்கோன் திணறும். பக்கெட் சீட் போட்டால் பழைய சீட்டுக்குள் இருந்த பக்க ஏர்பேக் போய்விடும். பின் சீட்டை எடுத்தால் பதிவு அட்டையில் உள்ள இருக்கை எண்ணிக்கை பொருந்தாது.

ரோல் கேஜ், அதாவது காருக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. கேஜ் என்பது ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்தது. ஹெல்மெட் இல்லாமல் சாதாரண ரோட்டில் பக்கவாட்டில் இடி வாங்கினால், உங்கள் தலை போய் மோதும் முதல் பொருள் அந்த இரும்புக் குழாய்தான். பின்னால் பிள்ளைகள் உட்காரும் காரில் அது வேண்டவே வேண்டாம். கேஜ் இல்லாத காரில் நான்கு முனை ஹார்னெஸ் (பந்தய சீட் பெல்ட்) மட்டும் போடுவதும் அப்படித்தான்: கூரை அமுங்கும்போது உடல் பக்கவாட்டில் சாய வழியில்லாமல் நிமிர்ந்தே மாட்டிக்கொள்ளும்.

லேசான ஃப்ளைவீல்

மேனுவல் காருக்கு மட்டும். ஃப்ளைவீல் என்பது எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் சுழலும் கனமான தட்டு. அது லேசானால் எஞ்சின் சட்டென்று சுழலும், கியர் இறக்கும்போது சுகம். ஜேமிலும், பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்து ஏற்றத்திலும் அடிக்கடி ஆஃப் ஆகும், ஐடலிங் ஆடும். கியர்பாக்ஸை இறக்கினால்தான் மாற்ற முடியும் என்பதால் கிளட்ச் மாற்றும் நேரம் வரும்வரை காத்திருங்கள்.

ஒன்றும் வாங்காமல் ஓட்டப் பழகுவது

இதையும் ஒரு தேர்வாக எடுத்துக்கொள்ளுங்கள். மலேசிய ரேலி ஓட்டுநர் கரம்ஜிட் சிங் 2002-இல் தயாரிப்புக் கார்களுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றது, தயாரிப்புக் காரிலிருந்து அதிகம் விலகக் கூடாது என்ற குரூப் என் விதிகளின் கீழ். எண்ணெயும் பேட்டும் மட்டும் மாற்றிவிட்டு மீதிப் பணத்தைச் செப்பாங் டிராக் நாளுக்கும், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதற்கும் செலவழித்தால், காரின் எந்தப் பாகம் உங்களைத் தடுக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். அப்புறம் வாங்கினால் பணம் வீணாகாது.

சட்டமும் காப்புறுதியும்

காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு பி5 என்ற வாகனச் சோதனை உண்டு. கழற்றிய பழைய பாகங்களை வைத்திருந்தால் அன்று நிம்மதி, விற்றுவிட்டால் பழைய கார்ப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடை கடையாகத் தேட வேண்டும். மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே பிடியாகிவிடும். சாதாரண மோட்டார் காப்புறுதி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்காது, டிராக்கில் இடித்தால் கைப்பணம்தான். அந்த இழப்பைத் தாங்க முடியாத காரோடு டிராக்குக்குப் போக வேண்டாம்.

யாருக்கு எது

ஜேமும் குடும்பமும் மட்டும் என்றால்: புஷ், அப்சோர்பர், நல்ல சாலை டயர், புது பிரேக் எண்ணெய். பத்தாயிரத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும்.

வார இறுதியில் மலை ரோடு, தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் வளைவுகள் என்றால்: நல்ல சாலை டயர், நடுத்தரப் பேட், டாட் 5.1, பிறகு 15 அங்குல லேசான ரிம். அது பொது ரோடு, எதிரே மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பமே வரும், டயர் நல்லதாக இருக்கிறது என்பதற்காக வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

செப்பாங்குக்குத் தவறாமல் போகிறவர் என்றால்: எண்ணெய், ரேஸ் பேட், தனி செட்டில் செமி ஸ்லிக், அடுத்து கோயில்ஓவர்.

டிராக்குக்கென்றே இரண்டாவது கார் வைத்திருப்பவர் பக்கெட் சீட், ஹார்னெஸ், கேஜ், கார்பன் பக்கம் தாராளமாகப் போகலாம், அங்கே சீட்டும் ஹார்னெஸும் கேஜும் உயிரைக் காப்பாற்றும் இடத்தில் இருக்கின்றன.

வங்கிக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், வாரண்டி முடியாத புதுக் கார் என்றால் டயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைக் கடன் முடிந்த பிறகு பார்க்கலாம்.